ராகுகாலத்தில் பேக்கப்

10-8-2008, ஞாயிறு

பேக்கப் நகல் வைத்திருந்த பழைய ஹார்டு டிஸ்க் செத்துப்போனதால் என் மகன் செல்வம் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். அவன் அப்பாவின் வீடியோக்கள் இப்போது கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கின்றன. அதுவும் போய்விட்டால் அவர் குரல் எங்கும் கிடையாது. மறுபடி பேக்கப் போட உட்கார்ந்தவனை, ராகுகாலம் என்று நான் நிறுத்தினேன். இந்த வீட்டில் நேரம் பார்ப்பது நான்தான்.

"போன தபா நல்ல நேரம் பாத்துதானேம்மா போட்டோம். அது ஏன் பூட்ச்சி?"

"அது கடைக்காரன் நேரம்டா."

ஆறு மணிக்கு ராகுகாலம் முடிந்தது. அதே நிமிஷம் கரண்டும் போனது.

"இப்ப இது யார் நேரம் அத்தே?" என்றாள் மருமகள்.

கேளம்பாக்கம் முழுக்க இருட்டுதான் என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கரண்டு வரும்வரை கம்ப்யூட்டர் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை.

பிறகு ஒருவழியாகப் போட்டு முடித்தான். சரியாக வந்திருக்கிறதா என்று புது டிஸ்க்கில் ஒரு வீடியோவைத் திறந்தான். மாமல்லபுரம் கடற்கரையில் நின்றுகொண்டு அவர், "கொடைய எங்கடி வெச்ச?" என்று என்னைத் திட்டினார். கம்ப்யூட்டரிலும் திறந்தான். அதே திட்டு.

உயிரோடு இருந்தபோது ஒருவரையே என்னால் சமாளிக்க முடியவில்லை. இப்போது இரண்டு பேர். நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.