திடலுக்கு மேல் பறந்த விமானத்தை வந்துசேர்ந்ததாக எழுதியது குறித்து

அனுப்புநர்:
வே. கார்த்திகேசு,
முன்னாள் டிரஸ்ஸர், சுங்கை தெராத்தாய் தோட்டம், ஜெஞ்சாரோம்.
தற்போது: ஸ்காட் ரோடு, பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
விமானத் திடல்களின் மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: 8.11.1938 அன்று சிங்கப்பூரிலிருந்து சுங்கை பீசி திடலுக்கு வந்த தென்கடல் ஆகாய சர்வீஸ் விமானத்தின் வருகை நேரத்தைத் திருத்தி எழுதக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஒன்பது ஆண்டுகள் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக இருந்தவன். ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தும் இம்மனுவைத் தமிழில் எழுதுகிறேன். கீழே சாட்சிக் கையெழுத்திடுபவர் தாம் எதற்குச் சாட்சி சொல்கிறார் என்பதைத் தாமே வாசித்தறிய வேண்டும் என்பதே காரணம். மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன்.

2. நவம்பர் 7 மாலை, தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் பவுனம்மாள் தம் ஐந்து வயது மகள் ரமணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான். உள்நாக்கை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்திருந்தது. அதற்கான சீரம் அன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கிடைக்கவில்லை. டாக்டர் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்தார். மறுநாள் காலை விமானத்தில் இரண்டு குப்பிகள் அனுப்புவதாகப் பதில் வந்தது. விடிந்ததும் நான் தோட்டத்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு ஒன்பதரைக்குத் திடலை அடைந்தேன்.

3. விமானம் வரவேண்டிய நேரம் 10.15. திடலுக்கு மேல் அது தெரிந்தது 10.12. முந்திய இரவு மழையில் திடலின் நடுவே தண்ணீர் நின்றது. விமானம் இரண்டு சுற்றுச் சுற்றியது. சக்கரம் தரையில் படவில்லை. பிறகு அது ஈப்போவுக்குப் போய்விட்டது. விமானி இறங்காததில் நான் குறை காணவில்லை. அந்தச் சேற்றில் ஆட்களோடு இறங்குவது முறையும் அன்று. திடலில் புல் வெட்டும் பாலன் என்னிடம் வந்து, “ஈப்போ போயிட்டுத் திரும்புறப்போ இறங்கும்ணே. அதுக்குள்ள தண்ணி வடிஞ்சிரும். நீங்க எங்கயும் போயிடாதீங்க” என்றார். நான் எங்கும் போகவில்லை. ஐஸ் போட்ட தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சரக்குக் கொட்டகை வாசலிலேயே இருந்தேன். விமானம் 1.10க்கு இறங்கியது. குப்பிகள் என் கைக்கு வந்தது 1.25.

4. தோட்டத்தை அடைந்தபோது மணி 3.40. ரமணி இரண்டு மணிக்கே மூச்சடைத்து இறந்துபோயிருந்தாள். மருந்து மூன்று மணி நேரம் முன்னதாகக் கிடைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சாதிக்கவில்லை. அந்த நோயைக் கண்டவன் அப்படி உறுதி சொல்ல மாட்டான். குப்பிகளை உடைக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

5. தோட்டத்து மானேஜர் துரை விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். விமானம் 10.12க்கு, அதாவது மூன்று நிமிடம் முன்னதாகவே வந்துசேர்ந்தது என்று பதில் வந்தது. அப்படியானால் மூன்று மணி நேரம் நீ எங்கே இருந்தாய் என்று துரை கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடிதத்தையே நம்பினார். அவரிடத்தில் நான் இருந்திருந்தாலும் ஒருவேளை அப்படித்தான் செய்திருப்பேன். கடமையில் அசட்டை என்று பதிந்து என்னை வேலையிலிருந்து நீக்கினார்.

6. பின்னர் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அங்குள்ள குமாஸ்தா ராதாகிருஷ்ணன் வருகைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். “திடலுக்கு மேல வந்துட்டா வந்த கணக்குதான் லா, அண்ணே. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அப்படித்தான். இறங்குற நேரம் எழுதக் கட்டமே இல்ல, பாருங்க” என்றார். பார்த்தேன், இல்லை. கிளம்பும் விமானத்துக்கும் எஞ்சினை முடுக்கிய நேரமே எழுதப்படுகிறது. அதன் பிறகு அது திடலில் எத்தனை நேரம் நின்றாலும் தாமதமில்லை. நவம்பரில் இருபத்தாறு வருகைகளில் இருபத்தைந்து குறித்த நேரத்தில் என்று கம்பெனி பத்திரிகையில் வெளியிட்டது. அம்மாதம் நான்கு நாள் விமானம் முதல் தடவை இறங்காமலே போனதைப் பாலன் கண்டிருக்கிறார். அந்த நான்கும் இருபத்தைந்துக்குள் அடக்கம். தாமதம் என்று எழுதப்பட்ட அந்த ஒன்றோ, இருபது நிமிடம் பிந்தி வந்தாலும் ஒழுங்காக இறங்கியது. குமாஸ்தா உண்மையை மறைக்காமல் சொன்னவர்; அவருக்கு இதனால் இடைஞ்சல் நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

7. ரமணி இறந்த பதினாறாம் நாள், தொழிலாளர் லயத்திலிருந்த பவுனம்மாளின் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. “ஐயா, பிளேன் பத்து மணிக்கே வந்துருச்சாமே. ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி காயிதத்தப் படிச்சுக் காட்டுனாரு. அந்நேரம் நீங்க எங்க இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். திடலிலேயே இருந்தேன், விமானம் இறங்கவில்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

8. ஆகவே ஐயா, விமானம் தரையிறங்கி நின்ற நேரத்தையும், சரக்கு உரியவர் கையில் சேர்ந்த நேரத்தையும் எழுதத் தனிக் கட்டங்கள் வைக்கும்படி கம்பெனிக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். நவம்பர் 8ஆம் தேதிப் பதிவை விசாரித்துத் திருத்த வேண்டும். திருத்திய பதிவின் பிரதி ஒன்றைத் தங்கள் முத்திரையுடன் எனக்குத் தர வேண்டும்.

நீக்கப்பட்ட வேலையை இம்மனுவில் நான் கேட்கவில்லை, வேறிடம் தேடிக்கொள்வேன். அந்தப் பிரதி பவுனம்மாளுக்காக. ஒருவன் சோம்பி உட்கார்ந்திருந்ததால்தான் தன் பிள்ளை போனது என்று எண்ணி எண்ணி அந்தத் தாய் மீதி நாளைக் கழிக்க வேண்டாம்.

தங்கள் விசாரணையை எதிர்நோக்கும்,
வே. கார்த்திகேசு

சாட்சி: சி. பாலன், சாலாக் செலாத்தான்
(3, 6 ஆகிய பத்திகளில் நான் கண்டதாகச் சொன்னவற்றை வாசித்தேன், சரி.)

இடம்: பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
தேதி: 12.12.1938