சீனி போடாத காப்பி

சிவமயம்

முக்கூடல்
5.10.2025

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். காதில் மாட்டியிருக்கும் மிஷின் போனைக் கண்டாலே கீச்சிடுகிறது. நீ எதைச் சொன்னாலும் "ஆமாம், ஆமாம்" என்று சமாளித்துவிட்டு, வைத்த பிறகு என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துக்கொண்டு கிடப்பேன். கடிதம் என்றால் வேண்டிய மட்டும் படிக்கலாம்.

நீயும் நடராஜும் கோர்ட்டில் பிரிந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. மகனும் மருமகளும் பிரிந்தால் மாமியாரும் பிரிந்துவிட வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அதனால் உன்னிடமே கேட்கிறேன்.

மழைக்கு முன்னால் ஒரு ஈடு கூழ்வற்றல் போட்டேன். மொட்டைமாடியில் வேட்டியை விரித்துக் காலையில் பிழிந்தால், மதியத்துக்கு மேல் வெளியே காய்ந்து உள்ளே மெத்தென்று இருக்குமே, அந்தப் பக்குவத்தில் ஒரு கை நிறைய எடுத்துத் தின்றேன். முன்பெல்லாம் நாம் இரண்டு பேரும் தின்றுவிட்டு, நடராஜ் கேட்டால் காக்கையின் மேல் பழியைப் போடுவோம். இப்போது அவன் கூடங்குளத்தில் குவார்ட்டர்ஸிலேயே இருக்கிறான், வாரக் கடைசியில்தான் வருகிறான். பொய் சொல்ல ஆள் இல்லாததால் ருசியும் கொஞ்சம் குறைந்துதான் போயிருக்கிறது.

வேலைக்கு வரும் கலைச்செல்வி, "யாருக்கு ஆச்சி இம்புட்டு எழுதுதிய?" என்றாள். "மருமகளுக்கு" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஞானம்பாள்


கோயம்புத்தூர்
16.10.2025

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும்போது காலேஜ் பஸ்ஸில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர், "ஏதும் கெட்ட செய்தியா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இல்லை, வற்றல் செய்தி என்றேன்.

இங்கே மாடியில் ஒரே அறைதான். அடுப்பும் கட்டிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை உளுந்தங்களி கிண்டினேன். உங்கள் அளவு எல்லாம் நாலு பேர் வீட்டுக்கு உள்ளது. ஒருத்திக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு தண்ணீர்? நான் கிண்டியது கரண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்றது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எனக்கும் அவருக்கும்தான் பேச்சு அற்றுப்போனது. உங்களோடு ஒரு நாளும் அற்றதில்லை. எனக்கு உங்களை விட்டுவிட மனம் இல்லை அத்தை. ஆனால் அவருக்குத் தெரிந்துதான் எழுதுகிறீர்களா? என்னால் உங்கள் வீட்டில் சங்கடம் வரக்கூடாது.

அன்புடன்,
சுப்ரஜா


சிவமயம்

முக்கூடல்
9.11.2025

அன்புள்ள சுப்ரஜாவுக்கு,

முதலில் களி. வறுத்து அரைத்த மாவு அரை உழக்கு போதும். தண்ணீர் அதற்கு இரண்டு பங்கு. கருப்பட்டியை அதில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக்கொண்டே கிண்டு. நல்லெண்ணெய்க்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. தனியாகத் தின்றாலும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தின். சட்டியிலிருந்தே வழித்துத் தின்றால் வயிறு நிறையாது.

நடராஜுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். ஒளிந்து எழுத எனக்கு வயசு இல்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிறத்தியார் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது. தையில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் வேணி, பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிறாள். போன வாரம் தாயாரோடு வீடு பார்க்க வந்தாள். பெண்ணும் கூட வரும் காலமாகிவிட்டது, நல்லதுதான்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். எல்லாருக்கும் சீனி போட்டேன், அந்தப் பிள்ளைக்கு மட்டும் போடவில்லை. நீ சீனி இல்லாமல் குடிப்பவள், இந்த வீட்டில் மருமகள் டம்ளருக்குச் சீனி போட்டு என் கைக்குப் பழக்கம் இல்லை. முகத்தைச் சுளிக்காமல் அவளும் குடித்து வைத்துவிட்டாள். டம்ளரைக் கழுவும்போது அடியில் சீனிப் பிசுக்கு இல்லாததைக் கண்டுதான் எனக்கு உறைத்தது. நடராஜ் முன்னமே கண்டுகொண்டான். அவர்கள் போனதும் அடுப்படிக்கு வந்து, "எம்மா, நீ இன்னும் அவளயே நெனச்சுக்கிட்டு இருந்தா, வார பிள்ள இங்கன எப்படிம்மா இருக்கும்?" என்றான்.

சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். பைய கேட்டான். அவன் என் மகன், அவனை விட்டுக்கொடுத்து உனக்கு எழுத மாட்டேன். உன்னை விட்டுவிடவும் மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

ஞானம்பாள்


கோயம்புத்தூர்
24.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

அவர் கேட்டது நியாயம். புது வீட்டில் முதல் காப்பியைச் சீனி இல்லாமல் வாங்கிச் சத்தம் காட்டாமல் குடித்தவர் நல்லவராகத்தான் இருப்பார். அவருக்கு நீங்கள் முழுசாகக் கிடைக்க வேண்டும். மருமகள் இடத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் எழுதாதீர்கள். எழுதினால் பதில் எழுதாமல் இருக்க எனக்குத் தெரியாது. கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

களி நன்றாக வந்தது. இலை வாங்கி வந்து வைத்துத்தான் தின்றேன்.

சுப்ரஜா


சிவமயம்

முக்கூடல்
9.1.2026

சுப்ரஜா,

எழுதாதே என்றாய். கார்த்திகை போய் மார்கழியும் முடியப் போகிறது, எழுதவில்லை. இதுவும் கடிதம் இல்லை. மூட்டையோடு வரும் விவரம், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷந்தோறும் பொங்கல்படி போக வேண்டும். உன் தாயார் போன பிறகு உன் அண்ணன் அனுப்பிக்கொண்டிருந்தான். நீ கோர்ட்டுக்குப் போன கோபத்தில் போன வருஷம் நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதனால் நான் அனுப்புகிறேன். பச்சரிசி, மண்டைவெல்லம், மஞ்சள்குலை, கரும்பு, பனங்கிழங்கு, சிறுகிழங்கு. வாழைத்தார் லாரி ஓட்டும் கிருபைராஜ் உன் வாசலிலேயே இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் வந்துவிடும், நகத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

மூட்டை கட்டும்போது நடராஜ் வந்தான்.

"யாருக்கும்மா பொங்கப்படி? நமக்குத்தான் பொட்டப்பிள்ள கெடையாதே?"

"சுப்ரஜாவுக்கு."

"அவ யாரும்மா நமக்கு?"

"ஒனக்குப் பொண்டாட்டி இல்லேன்னு கோர்ட்டு சொல்லிட்டு. எனக்கு மக இல்லேன்னு எவன்லே சொன்னான்?"

குனிந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, கரும்பு சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, அவனே அரிவாளை எடுத்து அளவாக வெட்டி வைத்தான்.

வேணிக்கு இந்த வீட்டில் ஒரு குறையும் வராது. அவளுக்குச் சீனி போட இனி மறக்க மாட்டேன். மருமகள் இடத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது என்று நீ எழுதியது சரிதான். அந்த இடத்தை அவளுக்கு விட்டுவிடு. மகள் இடம் இந்த வீட்டில் இதுவரை காலியாகத்தான் கிடக்கிறது.

தாய் இருக்கிற வரைக்கும் தாய் படி கொடுப்பாள், அவளுக்குப் பின்னால் உடன்பிறந்தவன் கொடுப்பான். அதை நான் நடராஜிடம் போய்ச் சொல்ல முடியுமா? அதனால் நான்தான் கொஞ்சக் காலம் கூடுதலாக இருந்தாக வேண்டும். பிரஷர் மாத்திரையை இப்போதெல்லாம் மறப்பதில்லை.

ஞானம்பாள்