தெரு போட மறுத்த இரண்டு கையெழுத்து

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம் என்று முதல் வரியில் எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்பது பரிசு வாங்குகிற படத்திலேயே தெரிகிறது, கொஞ்சம் இளைத்திருப்பதைத் தவிர. அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் மூஞ்சியைச் சுளிக்கிறார். கடையில் பெரிய சலவை இயந்திரம் படுத்துக்கொண்டு நேற்றுத்தான் எழுந்தது, அதுவரை ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கையாலேயே அலசித் தள்ளினோம். போனில் ஏன் ஒட்டாமல் பேசுகிறாய் அம்மா என்று நீயும் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். போனில் சொன்னால் நான் கத்துவேன், நீ உடனே சிக்னல் சரியில்லை என்பாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன், இதில் கடைசிவரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உன் கட்டுரை விஷயம்தான். வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வந்த இடத்தில் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தாய், அங்கே பரிசு கொடுத்தார்கள், சந்தோஷம். அதை நம் மொழியில் சுருக்கி இணையப் பத்திரிகை ஒன்றில் எழுதினாய், அதுவும் சந்தோஷம் என்றுதான் உன் அப்பா நினைத்தார். தலைப்பையும் உன் படத்தையும் பார்த்தார், உள்ளே ஒரு வரி படிக்கவில்லை, தெருவில் இருக்கிற அத்தனை பேர் போனுக்கும் அனுப்பிவிட்டுக் கடை வாசலில் போய் நின்றுகொண்டார், யாராவது வந்து கைகொடுப்பார்கள் என்று. ஒருத்தரும் வரவில்லை, பார்த்த ஆளெல்லாம் பார்க்காத மாதிரி போனார்கள். சாயங்காலம் எதிர்த்த மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ரொம்ப வருத்தப்படுகிற குரலில் எனக்கு முழுவதையும் படித்துக் காட்டினார். உள்ளே நம் மடிப்பக்கா, நீ எழுதிய அதே வேற்றுநாட்டுக்காரி, விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் படித்தார். படித்து முடிக்கிறவரை அவர் முகத்தில் இருந்த திருப்தியைச் சொன்னால் நம்பமாட்டாய், விருந்து சாப்பிடுகிறவன் முகம் அது. இத்தனை வருஷம் ஆஸ்பத்திரித் துணியில் பார்க்காத கறை இல்லை, ஒரு நாளும் மூக்கைப் பொத்தியவள் இல்லை நான். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டேன்.

போன லீவில் நீ வந்திருந்தபோது மத்தியானம் கடை ஓய்ந்ததும் மாடிக்கு ஏறி மடிப்பக்கா கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வாய். வார்த்தைக்கு வார்த்தை அக்கா அக்கா என்பாய். உனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னைவிட அவள்தான் பக்கத்தில் இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டாள். போனைப் பதிவில் போட்டு மெத்தைமேல் வைத்துவிட்டு, சும்மா பேசுங்கக்கா, ஒண்ணும் இல்ல, என்று சொன்னாயாமே. அவளும் சும்மாதான் பேசினாள். இந்தத் தெருவுல எல்லாரும் நல்லவங்கதான் பாப்பா, ஆனா நல்லவங்க நல்லவங்கன்னு நான் தினமும் சொல்லிக்கிட்டே இருக்கணும், ஒரு நாள் விட்டாலும் மூஞ்சி மாறிடும் என்றாள். மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறைய என் கையில குடுக்கமாட்டார், மேசைமேலதான் வைப்பார் என்றாள். மளிகைக்கடைக்காரர் கடைக்கு வர்றவங்க முன்னாடி என்னைப் பேச வெச்சுக் காட்டுவார், நம்ம பேச்சு எவ்ளோ அழகா பேசுது பாருங்கன்னு, நான் என்ன கிளியா என்றாள். நம்மையும் விடவில்லை. உங்கம்மா அவங்க பழைய துணியெல்லாம் எனக்குத்தான் தருவாங்க, வேண்டாம்னா மனசு நோகும்னு வாங்கிக்குவேன், என் பெட்டியத் தொறந்தா எனக்குப் பிடிச்ச துணி ஒண்ணுகூட இல்ல என்றாள். எல்லாவற்றையும் ஒரு வார்த்தை சிந்தாமல் எழுதிவிட்டாய், வஞ்சகமில்லாமல்.

மறைக்கவில்லை, முதலில் எனக்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது. என் துணி அவளுக்குக் கசந்ததா, இத்தனை நாள் சிரித்துக்கொண்டே வாங்கினாளே என்று இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் தெருவே அதே கோபத்தோடு நம் கடைக்குள் வந்து உட்கார்ந்தது. சோறு போட்ட கையைக் கடிச்சிட்டா என்றார் மளிகைக்கடைக்காரர். அவர் எப்போது அவளுக்குச் சோறு போட்டார் என்று எனக்குத் தெரியவில்லை, எடை குறைத்து அரிசி போட்டிருப்பார். நன்றி கெட்ட ஜென்மம் என்றார் மருந்துக்கடைக்காரர். எனக்குள் இருந்த அதே வார்த்தை அந்த ஆள் வாயிலிருந்து எச்சில் தெறிக்க வந்தபோதுதான் என்மேலேயே எனக்குக் குமட்டியது. எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன், அவர்களுக்கு டீ போடாமல் அனுப்பினேன். டீ போடாததற்கும் இப்போது பேச்சு நடக்கிறது.

நான் கேட்டதற்கு நீ என்ன பதில் அனுப்பினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? பேரை மாத்திட்டேன்மா, ஊர் பேரும் எழுதல, ஆராய்ச்சியச் சரிபார்க்கிற எங்க குழு பார்த்து ஒப்புதல் குடுத்துச்சு, அக்காவும் சம்மதம்னு கையெழுத்துப் போட்டாங்க, விதிப்படி எல்லாம் சரி, என்றாய். அடி படிச்ச பெண்ணே, இந்தத் தெருவில் யாருக்கு யார் பேர் தெரியும்? இங்கே பிறந்து வளர்ந்தவள்தானே நீ. என்னை பேங்குக்காரர்கூட சலவைக்கடையம்மா என்றுதான் கூப்பிடுகிறார். மருந்துக்கடைக்காரர் பேர் என்னவென்று அவர் மனைவியைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது, அந்தம்மாவும் சொல்லமாட்டாள். நீ பேரை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, சலவைக்கடை, எதிரே மருந்துக்கடை, மடிப்பு மேசை, கட்டைவிரலில் இஸ்திரிச் சூடு பட்ட தழும்பு என்று மீதி அத்தனையும் அப்படியே வைத்தாய். எங்களை நாங்கள் எதை வைத்துக் கூப்பிடுகிறோமோ அதை எல்லாம் எழுதிவிட்டு, கூப்பிடாத ஒன்றை மறைத்திருக்கிறாய். அவளுக்கு நீ வைத்த பூப்பேரைப் படித்துவிட்டு மளிகைக்கடையில் ஒரு மணிநேரம் சிரித்தார்களாம். சம்மதக் கையெழுத்தைப் பற்றிப் பேசாதே. இந்த வீட்டுப் பெண் நீட்டியதென்று வாங்கிப் போட்டாள், நீ கடன்பத்திரத்தை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பாள்.

இன்னொன்றும் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். அவள் எல்லாரையும், குழந்தைகளையும் நம் பூனையையும்கூட வாங்க போங்க என்று கூப்பிடுவதை, புதிய இடத்தில் அடங்கிப்போகிற பயம் என்று எழுதியிருக்கிறாய். கடையில் வாடிக்கைக்காரர்களிடம் நாங்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அவள் நம் பேச்சைக் கற்றுக்கொண்டாள், வாங்க உட்காருங்க நாளைக்குத் தந்துடறோம் என்பதுதான் அவள் படித்த முதல் பாடம். கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். பூனைக்கு எதற்கடி பயப்படப் போகிறாள்.

இப்போது நடப்பதைக் கேள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறாளே, இனி நிரந்தரமாகத் தங்கிக்கொள்ள மனு போட்டிருக்கிறாள், உனக்குத் தெரிந்ததுதான். அதற்கு இதே தெருவில் குடியிருக்கிற இரண்டு பேர், இவர் எங்களில் ஒருவராகக் கலந்து வாழ்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். வேலை கொடுத்தவர், வீடு கொடுத்தவர் கையெழுத்துச் செல்லாது, நாங்கள் இரண்டுமாக இருக்கிறோம். மருந்துக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் போடுவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ ராஜ்யத்தையே எழுதிக் கொடுக்கிற தோரணையில். இப்போது இரண்டு பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள். மற்றவர்களைக் கேட்டேன். தையல்கடைக்காரர் அவர்கள் போட்டால் நானும் போடுகிறேன் என்றார். மூலைவீட்டு வாத்தியார் கதவைப் பாதி திறந்து, உடம்பு சரியில்லை என்று சொல்லி அந்தப் பாதியையும் மூடிக்கொண்டார். உன் பரிசைப் பாராட்டி உனக்குச் செய்தி அனுப்பினாரே, அதே வாத்தியார்தான். மாதக் கடைசியோடு அவளுக்கு இப்போதிருக்கிற அனுமதி முடிகிறது. திரும்பிப் போக அங்கே அவளுக்கு வீடும் இல்லை, வா என்று சொல்ல ஆளும் இல்லை, அதையும் நீதான் விலாவாரியாக எழுதியிருக்கிறாய்.

நான் மானத்தை விட்டு மருந்துக்கடைக்குப் போனேன். காத்திருக்க வைத்தார், யாருக்கோ இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசினார். அவ வந்து எல்லார் முன்னாடியும், நான் அப்படிச் சொல்லவே இல்ல, அந்தப் பொண்ணு தானா கதை கட்டி எழுதிட்டான்னு சொல்லட்டும், எழுதியும் குடுக்கட்டும், நாங்க அதைப் பத்திரிகைக்கும் உங்க பொண்ணு வேலை பார்க்கிற இடத்துக்கும் அனுப்பிடறோம், தெரு மானம் திரும்பிடும், அப்புறம் கையெழுத்துக்கென்ன, தாராளமாப் போடறோம் என்றார். இதைச் சொல்லிவிட்டு, அப்பா முழங்காலுக்கு நான் வாங்கிய தைலத்துக்கு மீதிச் சில்லறையை என் கையிலேயே கொடுத்தார், அதுவும் என் உள்ளங்கையை அழுத்திக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மடிப்பக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லிவிடடி, என் பெண்ணாயிற்றே என்று பார்க்காதே, அவள் செய்ததற்கு அவள் படட்டும், என்றேன். கோபத்தில்தான் சொன்னேன், ஆனாலும் உண்மையாகத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த விரிப்பை மடித்து வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். பாப்பா பொய் எழுதலம்மா, நான் சொன்னதத்தான் எழுதினாங்க என்றாள். என் பெண்மேல் உனக்குக் கோபம் இல்லையா என்றேன். இருக்கும்மா, ரொம்ப இருக்கு, என்னைப் பார்க்கத்தான் மாடிக்கு வர்றாங்கன்னு நெனச்சேன் என்றாள். அப்புறம் நான் வற்புறுத்தினேன். ஒரு வார்த்தைதானே, உனக்கு இருக்க இடம் கிடைக்கும் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பாப்பாவும் வேற நாட்டுலதானம்மா இருக்காங்க, பொய் எழுதினாங்கன்னு வேலைய விட்டு அனுப்பிட்டா அவங்களுக்கு அங்க யாரு கையெழுத்துப் போடுவாங்க என்றாள். அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பி நினைக்கிறேன், உன் ஆராய்ச்சியில் ஒட்டிக்கொள்வதை அளக்க என்ன அளவுகோல் வைத்திருக்கிறாயோ, அதில் இதற்கு எத்தனை மார்க் போடுவாய் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்று காலை அவள் மாடியில் சாமான் கட்டுகிற சத்தம் கேட்டது.

உன்னை இதைச் செய் என்று நான் சொல்லவில்லை. நான் கதை கட்டி எழுதிவிட்டேன், அவள் சொன்னது அல்ல என்று நீயே எழுதிக் கொடுத்தால் அவள் இங்கே இருப்பாள், உன் பரிசும் வேலையும் போகும், வேலை போனால் நீ அங்கே இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, பெற்றவள் வாய் அப்படித்தான் இருக்கிறது, அந்த வாயும் இப்போது எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ. மாதக் கடைசி மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதை மாற்ற என்னால் முடியவில்லை.

அப்பா ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன், என் ஆசீர்வாதம் என்று போடு என்றார், போட்டுவிட்டேன். நம் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கமாட்டேன் என்று அவள் இருந்துவிட்டாள், நம் பெண் அவளுக்காக ஒரு பொய்க்காரி ஆவாளா என்றும் கேட்டேன். கடையைப் பூட்டினோமா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார். கடையைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்ததே நான்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா