இடம் மாறிய இரண்டு இலக்கங்கள்

மதினி,

பேத்தியின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சை இன்று காலை நான்தான் எடுத்தேன். ஸ்பிரிட் மணம். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை முடிந்து வரும்போது உங்கள் கைகளில் இருந்த அதே மணம். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் நாலு வருடம். அதற்கு முந்திய இருபத்திரண்டு வருடமும் நான் உங்களோடு கதைக்கவில்லை.

பேத்திக்கு மூன்று வயது. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் ரிப்போட்டைப் பார்த்து மருமகள் அழத் தொடங்கினாள். லிம்போசைட் என்ற வெள்ளைக் கலம் நூற்றுக்கு அறுபது, பக்கத்தில் கூடுதல் என்று ஒரு நட்சத்திரம்.

"மாமி, ரத்தத்தில கான்சரோ? இல்லாட்டி ஆரோடயோ மாத்திட்டாங்களோ? திரும்பக் குத்திப் பாப்பம்."

அந்த அறுபது எனக்குப் பழக்கமானது. என் மகனின் மூன்று வயதில் அவனுக்கும் எனக்கும் ஒரே நாளில் நீங்கள்தான் இரத்தம் எடுத்தீர்கள். வீட்டில் இரண்டு ரிப்போட் துண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தேன். நியூட்ரோபில் என்ற மற்ற வெள்ளைக் கலம் எனக்கு அறுபது, அவனுக்கு முப்பது. லிம்போசைட் எனக்கு முப்பது, அவனுக்கு அறுபது. மாற்றி எழுதிவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, கிண்ணியாவிலிருந்து படகேறி உங்கள் லேப்புக்கு வந்து, வரிசையில் நின்றவர்கள் முன்னால் சத்தம் போட்டேன்.

"சின்னப் புள்ளைகள்ற ரத்தம் அப்பிடித்தான் புள்ள. நாலஞ்சு வயசில ரெண்டும் சரிக்குச் சரி வரும். பிறகுதான் நம்மளப் போல மாறும்" என்றீர்கள்.

"உங்கட பிழைய மறைக்கக் கதை விடாதீங்க!"

அப்போதுதான், மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட என்னைப் பார்த்து அதைச் சொன்னீர்கள்: "மூணாம் வகுப்புக்காரி எனக்கு ரத்தம் படிப்பிக்க வந்திட்டா."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் விடவில்லை, திரும்பக் குத்த வைத்தேன். நீங்கள் அவன் கையைப் பிடிக்க, அவன் உங்கள் மணிக்கட்டைக் கடித்தான். அதே இலக்கம்தான் வந்தது. நடந்த சத்தத்துக்கு லேப்புக்குப் பொறுப்பான உங்கள் பெரியவர் உங்களை உள்ளே கூப்பிட்டு ஏசினார். கதவுக்கு வெளியே எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. உள்ளே போய், பிழை என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டேன்.

இன்று மருமகளிடம் சொன்னேன்: "அந்த நட்சத்திரம் பெரியாக்கள்ற அளவுக்குப் போட்டது. இந்த வயசுக்கு இது சரி. நம்பாட்டி டொக்டருக்குப் போன் அடி."

அடித்தாள். டொக்டர் முதலில் வயதைக் கேட்டார். மற்ற இலக்கங்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, திரும்பக் குத்தத் தேவையில்லை என்றார்.

"உங்களுக்கு ஆர் மாமி சொன்னது?"

"என்ட மதினி."

மருமகள் என்னையே பார்த்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உங்களை 'அந்த மனுசி' என்றுதான் நான் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

மூன்றாம் வகுப்பு என்றதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அன்று நடந்ததை முழுதாக அவளுக்குச் சொன்னேன், கதவடியில் நான் வாய் மூடி நின்றதையும் சேர்த்து.

"உள்ளுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே மாமி" என்றாள்.

ஓம் மதினி. சொல்லியிருக்கலாம்.