சந்தனப் பொட்டு வைத்த துவக்கு

ரெய்னர்ஸ் லேன்

தம்பி அம்பலவாணனுக்கு, வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பேசாமல் இருந்தது போதும். கோவில் நிர்வாக சபைத் தெரிவு முடிந்து நீர் செயலாளராகவும் வந்துவிட்டீர். இனிப் பதவி ஆசையில் எழுதுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆயுத பூசையன்று நீர் வந்தபோது கிளப்பில் குறி பார்த்துச் சுடும் என் காற்றுக் கைத்துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈயக் குண்டுகள் மேல்மாடியில் பூட்டியிருந்தன. காற்றுச் சிலிண்டரைக் கழற்றிவிட்டேன். உள்ளே குண்டில்லை என்று நான் பார்த்த பிறகு உம்மையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேர் பார்த்த பிறகுதான் குழாய்க்குள் துணியை விடுவது எங்கள் கிளப்பின் வழக்கம்.

"காத்துத் துவக்குக்கு இவ்வளவு பயமோ அண்ணை? இதாலை ஒரு காகமும் சாகாது" என்று சிரித்தீர். பிறகு நீரே அதைச் சாமித்தட்டில் வைத்து, பிடியில் சந்தனப் பொட்டும் வைத்தீர். இரவு இரும்புப் பெட்டியில் பூட்டப் போன என்னை மறித்ததும் நீர்தான். "விஜயதசமிக்கு முதல் எடுக்கப்படாது அண்ணை" என்றீர். உமது சொல்லைக் கேட்டேன். அந்த ஓர் இரவைத் தவிர அது பெட்டிக்கு வெளியே இருந்ததே இல்லை.

விடியப் போலீஸ் ஆயுதங்களோடு வந்தது. ஓர் அறையையும் தேடவில்லை. நேரே சாமித்தட்டுக்குப் போனார்கள். உமது அண்ணி சிவகௌரி இரவுச் சட்டையோடு கைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். வீட்டில் கைத்துவக்கு இருக்கிறது என்று பெயர் சொல்லாத ஒருவர் போன் செய்தாராம். காற்றுத் துவக்கு என்று சொல்லவில்லையாம். மன்னிப்புக் கேட்டுத் திருப்பித் தந்துவிட்டுப் போனார்கள். அன்று மாலையே கோவிலில் நான் துவக்குக்காரன் ஆகிவிட்டேன். கோவிலின் நல்ல பெயருக்காகச் செயலாளர் போட்டியிலிருந்து விலகும்படி பணிவாகக் கேட்டவரும் நீர்தான்.

சிவகௌரி பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியைச் சந்தேகிக்கிறாள். அந்த மனுசி வணக்கம் சொன்னாலும் முகம் கொடுப்பதில்லை. உமக்கோ நேற்றும் பயற்றம் பணியாரம் சுட்டு எடுத்து வைத்திருக்கிறாள். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. வந்து அதைச் சாப்பிடும் முன் நீரே அவளுக்குச் சொல்லும். வேறொன்றும் கேட்கமாட்டேன்.

உமது பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். அவர்கள் வாசலுக்கு அப்படி ஒரு விடியல் வரவேண்டாம்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தேன். நீரும் அன்று போனில் பெயர் சொல்லவில்லை. இதைப் பெயரில்லாமல் இப்படியே தபாலில் போடுகிறேன்.