மன்றாட்டில் என் பெயர்

13 மே 2025, செவ்வாய்

ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. வலக் கண்ணை எடுத்து மூன்று வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்க்கிறார்கள். கண்ணில் வந்த புற்றுநோய் பரவினால் அங்கேதான் போகுமாம். டொக்டர் என் கணவர் எட்வேட்டை மட்டும் வெளியே கூப்பிட்டார். அரை மணி நேரம். திரும்பி வந்தவர், "ஈரலில கொழுப்பாம், றஞ்சிதம். பொரியல் மட்டும் வேண்டாமாம்" என்றார். அப்பாடா.

27 மே

வெள்ளவத்தை வகுப்பின் முப்பத்தெட்டுக் கணிதத் தாள்களையும் ஒற்றைக் கண்ணால் திருத்தி முடித்தேன். மகள் சாமினி தெஹிவளையிலிருந்து நாளுக்கு மூன்று தரம் டெலிபோன் எடுக்கிறாள். பக்கத்து ஃபிளாட் மாக்ரெட் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஈரல் கொழுப்புக்கா?

1 ஜூன், ஞாயிறு

பேனையை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது. கோபத்தில்தான்.

வழக்கமாக நான் போவது பின்னேரப் பூசைக்கு. இன்று பின்னேரம் வகுப்பு, அதனால் காலையில் போய்க் கடைசி மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். விசுவாசிகள் மன்றாட்டை மாக்ரெட் வாசித்தாள்: "புற்றுநோய் ஈரலுக்கும் பரவி வருந்தும் எங்கள் சகோதரி றஞ்சிதம் எட்வேட்டுக்காக…"

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன்! பாதி சொன்ன பிறகுதான் பெயர் விளங்கியது.

மாக்ரெட்டிடம் மன்றாட்டு எழுதிய துண்டை வாங்கிப் பார்த்தேன். எட்வேட்டின் எழுத்து. மூன்று ஞாயிறாகக் காலைப் பூசையில் வாசிக்கிறார்களாம். எங்கள் கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரியும், எனக்குத் தெரியாது!

"சொன்னா நீ உடைஞ்சுபோயிடுவாய் எண்டுதான்…" என்றார் எட்வேட், வீட்டுக்கு வந்து கேட்டபோது.

"கண்ணைத் தோண்டி எடுக்கேக்க உடையாதவள் இப்பவா உடையப்போறன்?"

பிறகுதான் மிச்சமும் வந்தது. ஈரலுக்குப் போகும் இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்த மே 22 திகதி தந்தார்களாம். ஜூன் 13 அந்தோனியார் திருவிழா முடியட்டும் என்று இவர்தான் தள்ளிவைத்தாராம். ஆரைக் கேட்டுத் தள்ளினீங்கள்? ஆரின்ர ஈரல்?

2 ஜூன்

எட்வேட்டை வெளியே இருத்திவிட்டு டொக்டரிடம் தனியாகப் போனேன்.

"ஃபமிலிக்குச் சொல்லுறதுதான் வழக்கம், டீச்சர்."

"கட்டி எனக்குள்ள கிடக்கு, டொக்டர். ஃபமிலிக்குள்ள இல்ல."

ஏழு கட்டி. குணமாகாது, கட்டுப்படுத்திப் பார்க்கலாமாம். ஆனாலும் கேள்வி கேட்டேன், எழுதிக்கொண்டேன். மருந்து செலுத்த ஒன்பதாம் திகதியைக் கேட்டு வாங்கினேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்னுடையது.

10 ஜூன்

காய்ச்சல். வாந்தி. எட்வேட் கஞ்சி கொண்டுவந்தார். அவரைப் பார்க்காமல் வாங்கினேன். குடித்தேன்.

14 செப்டெம்பர், ஞாயிறு

இரண்டு தரம் மருந்து ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஸ்கேன் முடிவு வந்தது. உறையை நான்தான் உடைத்தேன். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து எட்வேட்டுக்கு வாசித்துக் காட்டினேன்: நாலு சுருங்கியிருக்கிறது, மூன்று அப்படியே, புதிதாக ஒன்று. அவர் அழுதார். இவ்வளவு நாளும் ஊருக்கு முன்னால் அழுதவர், முதல் தடவையாக எனக்கு முன்னால்.

இன்று இருவரும் காலைப் பூசைக்குப் போனோம். மன்றாட்டுத் துண்டை இந்த முறை நான் எழுதிக் கொடுத்தேன். மாக்ரெட் "ஈரலில்" வரை வாசித்துவிட்டு நிறுத்தி என்னைப் பார்த்தாள். முன்வாங்கில் இருந்து தலையாட்டினேன்.

எட்டுக் கட்டிதான். வாசி.