ஒரு குளியலின் அடக்கவிலை

அம்மா,

இன்று காலை உன் குளியலறையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அதைக் கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர் பாபு சேட்டன்தான் கூட்டிக்கொண்டு வந்தார். போர்ட் கொச்சியில் பழைய வீடு வாங்கியிருக்கும் ஒரு தம்பதி. அவர்களோடு வயதான அப்பா ஒருவர் இருக்கிறாராம். மட்டாஞ்சேரிக்கு வருகிறவர்கள் அரண்மனையைப் பார்ப்பார்கள், பழைய கிட்டங்கியின் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள், மிளகும் ஏலமும் வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போது உன் குளியலறையும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. நுழைவுக் கட்டணம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் சுவரிலிருக்கும் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்த்து, இது ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று கேட்டாள். அடுத்ததாக, வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதையே கேட்டாள்: மொத்தம் எவ்வளவு ஆயிற்று? சொன்னேன். அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் பாபு சேட்டனைப் பார்த்தார். பாபு சேட்டன் அவசரமாக வெளியே போய் ஒரு போன் பேசினார். தொகையை மட்டும் கேட்டவர்களுக்கு அது அதிகமாகத்தான் தோன்றும்.

இடுப்பெலும்பு ஒடிந்து, தகடு வைத்து, வாக்கரோடு நீ வீடு திரும்பிய நாளில் நம் பழைய குளியலறை உனக்கு அந்நிய தேசமாகிவிட்டது. வாசலில் வாக்கர் நுழையவில்லை. தரை சிவப்புச் சிமெண்ட், மூலையெல்லாம் பாசி. அமாவாசை, பௌர்ணமி என்று வாவு நாட்களில் காயல் ஏறினால் ஓடைத்தண்ணீர் எதிர்த்து வந்து தரையிலுள்ள துளை வழியாக எட்டிப் பார்க்கும். நம் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடல் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவதை யாரும் ஒரு குறையாகச் சொல்வதில்லை.

நான் குளிப்பாட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். ஆள் வைக்கலாம் என்றேன். அதற்குத்தான் நீ அந்தப் பதிலைச் சொன்னாய். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஊரார் உடம்பையெல்லாம் கழுவித் துடைத்தவள் நீ.

"குளிப்பாட்டும்போது அவங்க முகத்தைப் பாத்திருக்கியா? எல்லாரும் மேலே ஃபேனைத்தான் பாப்பாங்க. ஒருத்தர்கூட என்னைப் பாத்ததில்லை. அந்த ஃபேனை நான் பாக்கமாட்டேன்."

ஆபரேஷனுக்குப் பிறகு வார்டில் கிடந்த நாட்களில் நீயும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அதைப் பற்றி நீ பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத்துணியால் நீயே துடைத்துக்கொண்டாய். தலைக்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லை. பாபு சேட்டனைக் கூப்பிடச் சொன்னது அப்போதுதான்.

அவர் வந்தார், தட்டினார், குனிந்து துளையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். குழாய்கள் துருப்பிடித்துவிட்டன, சுவரை உடைத்து அடியிலிருந்து எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். காயல் வராமலிருக்கத் தரையை ஒரு அடி உயர்த்த வேண்டும். சரி என்றாய். உயர்த்தினால் வாசலில் படி வரும் என்றார். படி கூடாது என்றாய். சரிவு போடலாம் என்றால் அங்கே அதற்கான நீளமில்லை, கூடத்தில்தான் இருந்தது. எனவே உன் அறையையும் நடைவழியையும் சேர்த்தே உயர்த்திவிட்டு, கூடத்திலிருந்து சரிவு ஏற்றுவது என்று முடிவாயிற்று. தரை உயர்ந்ததால் கதவுகளை வெட்ட வேண்டும். கதவுகளை வெட்டினால் சுவிட்சுப் பலகைகளையும் மாற்ற வேண்டும். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, ஆனால் மாற்றினோம். குளிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்மணிக்காகப் பாதி வீட்டையே தூக்கி வைத்தோம். இரண்டரை லட்சம் என்று தொடங்கிய மதிப்பீடு நாலே கால் லட்சத்தில் வந்து நின்று மூச்சு வாங்கியது.

அண்ணன் பெங்களூரில் இருந்தான். கணக்குத் தணிக்கை செய்கிறவனுக்கு எதையும் வகுத்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறேன் என்று தெரியாமல், அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிறது, ஒரு நாளைக்கு ஒரு குளியல் என்று வைத்துக்கொண்டால், ஒரு குளியலுக்கு என்ன அடக்கவிலை வருகிறது தெரியுமா என்று ஆரம்பித்தான். நீ கட்டிலில் இருந்தபடியே குரல் கொடுத்தாய்.

"எத்தனை வருஷம்னு வச்சு வகுத்தே?"

 போனில் பெங்களூரின் போக்குவரத்துச் சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்ல நாணமா இருந்தா இப்படிப் போட்டுக்கோ. நான் தினம் ரெண்டு வேளை குளிப்பேன். விலை பாதியாயிடும், இல்லே?"

பணத்துக்கு நீ கை வைத்தது உன் காரியச் செலவுக்கென்று போட்டு வைத்திருந்த வைப்புத்தொகையில். நான் தயங்கினேன். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நீ வரப்போவதில்லை என்றும், வராத விருந்துக்குப் பணம் கட்டும் வழக்கம் உனக்கில்லை என்றும் விளக்கினாய்.  மீதியை நானும் அண்ணனும் போட்டோம். அவன் தன் பங்கை முதல் ஆளாக அனுப்பினான். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

வைட்டிலா பக்கத்து டைல்ஸ் கடைக்கு நீயே வந்தாய், வாக்கரோடு. கண்ணாடிபோல் மின்னும் ஒன்றை விற்பனைக்காரர் காட்டினார். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிக் காலால் தேய்த்துப் பார்த்தாய். இது இத்தாலியன் அம்மச்சி என்று அவர் பதறினார்.

"இத்தாலியனா இருந்தா என்ன மோனே. ஒடையறது என் இடுப்பாச்சே."

சொரசொரப்பான, அழகில்லாத, விலை குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தாய். அந்த நாலே கால் லட்சத்தில் நாம் மிச்சம் பிடித்த ஒரே இடம் அதுதான்.

கம்பி பதிக்கும் நாளில், உடைந்த கற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தாய். புடவையும் கண்ணாடியுமாக, மூன்று ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, சோப்பில்லாமல் தண்ணீரில்லாமல் ஒரு முழுக்குளியலையும் நடித்துக் காட்டினாய். முதுகுக்குக் கை போன இடம், எழுந்திருக்கும்போது கை தானாகத் தேடிய இடம், எல்லாவற்றிலும் மேசன் பென்சிலால் கோடு போட்டார். யாரும் சிரிக்கவில்லை. நடிப்பு முடிந்ததும் துண்டைக் கேட்டாய். அப்போதுதான் பாபு சேட்டன் சிரித்தார்.

நாம் உண்மையாகச் சண்டை போட்டது தாழ்ப்பாளுக்காக. உள்பக்கம் வேண்டாம், விழுந்தால் எப்படி உள்ளே வருவது என்றேன் நான். பாபு சேட்டனும் என் கட்சிதான். நீ குரலை உயர்த்தவில்லை.

"தாழ்ப்பாள் இல்லாத குளிமுறிக்கு நாலு லட்சமா? அதுக்கு வார்டே போதுமே."

தாழ்ப்பாள் வைத்தோம்.

முதல் நாள் நீ உள்ளே போய் அதைப் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். நான் கதவருகே ஸ்டூலைப் போட்டு, செய்தித்தாள் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். வாளியில் தண்ணீர் விழுந்தது. பிறகு நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து உன் குரல் வந்தது.

"இவ்வளவு நேரமா ஒரே பக்கத்தையா படிக்கறே?"

அதன் பிறகு, படித்தாலும் படிக்காவிட்டாலும் நேரத்துக்கு நேரம் தாளைத் திருப்பினேன்.

அடுத்த வாவுக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வீட்டுக் கொங்கணி சேச்சியின் குளியலறையில் காயல் வந்து உட்கார்ந்தது. நம்முடையது உலர்ந்து கிடந்தது. சேச்சியைக் கூட்டிப்போய் அதை நீ சுற்றிக்காட்டியதைப் பார்த்தால், தண்ணீரைத் தடுக்கும் வித்தையை நீயே கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

ஐந்து மழைக்காலம் அதில் குளித்தாய், சொன்னபடி இரண்டு வேளை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனைக் கூப்பிட்டு, இப்போது விலை எவ்வளவுக்கு வந்திருக்கிறது என்று கேட்பாய். முதலில் தவிர்த்துப் பார்த்தான். பிறகு அவனே கணக்கோடு தயாராக இருப்பான். சென்ற வருஷம் அது நம் முக்குக்கடையில் இரண்டு பேர் புட்டும் கடலையும் சாப்பிடும் விலைக்கு வந்துவிட்டது. பங்குச் சந்தையில் லாபம் பார்த்தவர்கள்கூட அவ்வளவு பெருமையாகப் பேசிக் கேட்டதில்லை.

கடைசி நாளும் அப்படித்தான். காலையில் போனாய், தாழ்ப்பாள் போட்டாய், தலைக்கு ஊற்றிக்கொண்டாய், நீயே துவட்டிக்கொண்டு வெளியே வந்தாய். ஜன்னலருகே நாற்காலியில் முடியை விரித்துப் போட்டு உட்கார்ந்து சாயா கேட்டாய். நான் கொண்டுவருவதற்குள் போய்விட்டாய்.

தெருப் பெண்கள் வந்தார்கள். யாரோ அடுப்பில் வெந்நீர் வைத்தார்கள். உன்னைக் குளிப்பாட்டக் குடங்கள் வந்தபோது, நான் அழுவதை நிறுத்திவிட்டு, "அம்மா குளிச்சாச்சு" என்றேன். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கொங்கணி சேச்சி மட்டும் அருகே போய் உன் முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. "பின்னே ஒரு செம்பு மதி" என்றார். அவர் போதும் என்ற அந்த ஒரே ஒரு செம்பை முறைக்காக ஊற்றினோம். மற்ற குடங்களை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாலையில் வந்த அண்ணனிடம் வாசலிலேயே சொன்னேன், இன்றைக்கும் அம்மா தானே குளித்தாள் என்று. அவன் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

அன்றிலிருந்து உன்னைப் பற்றி யார் விசாரித்தாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். மாரடைப்பு என்பது இரண்டாவது வாக்கியம்.